சாமிதோப்பு: தலைப்பாகை கட்டி வணங்கும் பதி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் வழியில் உள்ள சாமிதோப்புக்குச் செல்ல வேண்டும் என்பது எனது நெடுநாள் விருப்பம். மாசி 20ஆம் நாள், அய்யா வழி என்னும் சமய நெறியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டரின் அவதார நாளில், அங்கே பெருங்கூட்டம் திரளும் என்பதால், பதி எனப்படும் அந்த வழிபாட்டுத் தலத்தை நிதானமாகக் காண விரும்பி, விழா எதுவும் இல்லாத ஒரு வார நாளில் அதிகாலையிலேயே புறப்பட்டேன்.

பதிக்குள் செல்லும் முன் முத்திரிக் கிணற்றுக்குச் செல்ல வேண்டும் என்பது முறை. அங்கே குளித்து, அந்த நீரைச் சிறிது அருந்திய பிறகே அடியவர்கள் உள்ளே போகிறார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது, பின்னால் வேலைக்குப் போகும் இளைஞர்கள் இருவர் நின்றார்கள். ஒருவர் இறைத்த நீரை அடுத்தவர் தலையில் ஊற்றினார்கள். யார் எந்த ஊர், என்ன சாதி என்று எவரும் கேட்கவில்லை. இன்றைக்கு இது இயல்பாகத் தெரியலாம். ஆனால், இந்தப் பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒடுக்கப்பட்டவர்கள் மேல்சாதியினரின் கிணறுகளை அணுகவே முடியாது. அப்பெண்கள் தோளை மறைக்கத் துணி உடுத்தக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கவும் கூடாது. ஆண்கள் தலைப்பாகை கட்டவோ, குடை பிடிக்கவோ, செருப்பு அணியவோ கூடாது. இவற்றுக்கு மேல் தலைவரியும் கட்ட வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில், எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்துப் புழங்குவதற்கென்றே அய்யா அமைத்த கிணறு இது என்பதை நினைத்தபோது, தலையில் விழுந்த அந்தக் குளிர்ந்த நீரை வெறும் நீராடலாக என்னால் எண்ண முடியவில்லை.

குளித்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, அங்கிருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். "தலைப்பா கெட்டாம உள்ள போவப்பிடாது மக்களே" என்று சொல்லி, என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே என் தலையில் சுற்றிக் கட்டினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி வணங்குவதே பணிவு என்று என் தாத்தாவிடமிருந்து கற்றவன் நான். கடவுளுக்கு முன்னால் மட்டுமல்ல, பண்ணையார்களுக்கு முன்னாலும் அந்தத் துண்டு இடுப்புக்கு இறங்கியது என்பதையும் அறிவேன். முன்பின் தெரியாத ஒருவர் என் தலையில் துண்டைக் கட்டியபோது கண்கள் கலங்கிவிட்டன. அரசன் மட்டுமே முடி தரிக்கலாம் என்று இருந்த காலத்தில், வணங்க வருகிற ஒவ்வொருவரும் முடி தரித்தே வர வேண்டும் என்று அய்யா வைத்த விதி, எத்தனை ஆண்டு அவமானத்துக்கு எழுதப்பட்ட மறுமொழி!

அய்யா பிறந்தது 1809ஆம் ஆண்டு. பொன்னு மாடன், வெயிலாள் தம்பதியர் தங்கள் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். தாழ்ந்த சாதிப் பிள்ளைக்கு இந்தப் பெயரா என்று மேல்சாதியினர் சினந்ததால், அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. நோயுற்ற நிலையில் திருச்செந்தூருக்குக் கொண்டு செல்லப்பட்டவர், 1833இல் அங்கே கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிவந்தார் என்பது அடியவர்களின் நம்பிக்கை. அதன் பிறகு அவர் சாமிதோப்பில் தவம் இருந்தார், மக்கள் திரண்டு வந்தார்கள், அரசு அஞ்சியது. திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அவரைச் சிறை வைத்தார்கள். உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று அரசன் தரப்பில் சொன்னதாகவும், அய்யா அதற்கு இணங்க மறுத்துவிட்டதாகவும் பெரியவர் சொன்னார். ஒரு சாதிக்குத் தலைவராக இருக்க அவர் சம்மதித்திருந்தால், சிறைக் கதவு எளிதில் திறந்திருக்கும்.

பதியின் கருவறையான பள்ளியறையின் முன் வந்து நின்றேன். அங்கே சிலை இல்லை. ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்குகளும் இருக்கின்றன. அந்தச் சுடர்களுக்கு இடையே, தலைப்பாகையுடன் நின்ற என் உருவமே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற கூலித் தொழிலாளியின் முகமும் அதே கண்ணாடியில் தெரிந்தது. உன்னுள் இருப்பதை வணங்கு என்னும் தத்துவத்தைப் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். ஆயினும் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்தே வணங்க வைக்கிற சந்நிதியை நான் கண்டது இதுவே முதல்முறை. நெற்றியில் வெண்ணிறத் திருநாமம் இட்டார்கள். அது ஒரு சுடரின் வடிவில் இருந்தது.

நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்புக்குப் பிறகு அன்னதர்மம் நடந்தது. அருகில் அமர்ந்த பெரியவர் துவையல் தவசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அய்யா குடும்பம் குடும்பமாக மக்களைக் கடற்கரையில் தங்க வைத்து, நாள்தோறும் குளித்துத் துணி துவைத்து, புலால் நீக்கி, ஒன்றாகச் சமைத்து உண்ணப் பழக்கியதே அந்தத் தவசு. தூய்மை பிறப்பால் வருவது என்று சொல்லி விலக்கப்பட்டவர்களிடம், அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று காட்டிய பயிற்சியாக இதைப் பார்க்கிறேன். ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்கள் என்னும் சிறு வழிபாட்டிடங்கள் இந்தப் பழக்கத்தைத் தொடர்ந்து கொண்டு சென்றன. சீடர் அரிகோபாலன் 1841இல் ஏட்டில் எழுதிய, அய்யா வழியின் புனித நூலான அகிலத்திரட்டு, 'தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்' என்கிறது. பெரியவர் அந்த வரியை ராகத்தோடு சொல்லிவிட்டு, என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடும்படி பரிமாறுபவரிடம் கைகாட்டினார்.

அய்யா 1851இல் வைகுண்டம் சென்றார். பெண்களின் தோள்சீலை உரிமையைத் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1859இல். அந்த அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை.

பெரியவரிடம் "அய்யா உண்டு" என்று சொல்லி விடைபெற்றேன். அவரும் அதையே சொல்லி வழியனுப்பினார். துண்டைத் தலையிலிருந்து எடுக்க மனம் வராமல், முத்திரிக் கிணறு வரை அப்படியே நடந்தேன். வீட்டுக்கு நீர் கொண்டு போக வந்திருந்த ஒரு பெண், குடம் நிறைந்ததும் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் மகளோடு பேசியபடியே என்னைக் கடந்து போனார்.