பெயர் தெரியாத ரயில்வே பொருட்கள்: ஏழு ஞாயிற்றுக்கிழமைகள்

பக்கத்து ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. டெல்டா பக்கத்து ஊர்தான். இரண்டு அறைகள், ஒரு தாழ்வாரம். முதுமக்கள் தாழிக்கும் நாணயங்களுக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டி உண்டு. கடைசி அறையின் மூலையில் மட்டும் ஒரு மர பெஞ்சின் மேல் ஒன்பது பொருட்கள், 'பழைய இரும்புச் சாமான்கள்' என்ற ஒரே அட்டையோடு கிடந்தன. அவற்றில் சில ரயில்வேயிலிருந்து வந்தவையாக இருக்கும் என்று தோன்றியது. ஞாயிறுதோறும் வந்து பார்க்கலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: நான் பார்த்து முடிக்கும்வரை எதையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பித்தளை பளபளக்கும், ஆனால் அதில் மெல்லியதாகப் பொறித்த எழுத்தும் கூடவே தேய்ந்து போகும்.

முதல் இரண்டு ஞாயிறுகள் ஒரு உருண்டையோடு போயின. உள்ளங்கையில் அடங்கும் அளவு, அளவுக்கு மீறிய கனம். 'பீரங்கிக் குண்டு' என்று யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியும் நாகப்பட்டினமும் அருகில் இருக்கும்போது அப்படி நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் உருட்டிப் பார்த்தபோது விரல் நுனியில் ஏதோ கீறல்போல் தட்டுப்பட்டது. வளைந்த பரப்பில் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காகிதம் சுருங்குகிறது, எழுத்து வருவதில்லை. சன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சைக் கிட்டத்தட்டத் தரைமட்டத்தில் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு கோணத்தில் நிழல் விழுந்தது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகள்: டி, டி, பி. திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனின் குறியீடு! அதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் சில எழுத்துகள் இருந்து மழுங்கியிருக்கின்றன. கீழே ஒரு வரிசை எண்.

இது நீல்ஸ் பால் டோக்கன். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் வந்துவிடாமல் காத்த பொருள். அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்து அனுமதி கொடுத்தால்தான் இந்தப் பக்கத்து இயந்திரம் ஒரு உருண்டையை வெளியே விடும். அது வெளியே இருக்கும்வரை இரண்டு இயந்திரங்களிலிருந்தும் இன்னொன்று வராது. ஓட்டுநர் கையில் உருண்டை இல்லையென்றால் ரயில் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது.

எழுத்தைப் படித்ததும் என் ஐயம் தீர்ந்துவிட்டது. ஆனாலும் தொழிலில் இருந்த ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பாயின்ட்ஸ்மேன் (ஸ்டேஷனில் ரயிலின் தடம் மாற்றும் ஊழியர்) ஒருவர் இருக்கிறார். மூன்றாவது ஞாயிறு அவரை அழைத்துப் போனேன். உருண்டையைக் கையில் வாங்கியவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இதன் வளையம் எங்கே?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. அவரே பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்து, கிழிந்த தோல் பை கோர்த்த ஒரு பெரிய பிரம்பு வளையத்தை இழுத்தார். உடைந்த கூடையின் கைப்பிடி என்று ஒதுக்கப்பட்டது அது. உருண்டையைப் பையில் போட்டு, நிற்காத ரயில் போகும்போது வளையத்தை உயர்த்திப் பிடிப்பார்களாம். என்ஜினில் இருப்பவர் கையை உள்ளே நுழைத்து வாங்கிக்கொள்வார். "மழை நாளில் தோள்பட்டை கழன்று விடும்போல் இருக்கும் ஐயா" என்று பொறுப்பாளரிடம் சொன்னார். பொறுப்பாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அட்டையில் அந்த வரியும் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

நான்காவது ஞாயிறு விளக்கு. இதில் நான் தவறினேன். 'கப்பல் விளக்கு' என்ற பெயரை முதல் நாளே நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். காரணம், உள்ளே இருந்த கண்ணாடிகளில் ஒன்று நீலம். கைபேசி வெளிச்சத்தில் பார்த்தபோது தெளிவான நீலம். ரயிலில் நீல விளக்கு ஏது என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன்: அந்த விளக்கு எரிந்தது கைபேசி வெளிச்சத்திலா? மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக இருக்கும். பச்சை தெரிய வேண்டுமானால் கண்ணாடி நீலப்பச்சையாக இருக்க வேண்டும். பழைய பொருளுக்குள் எண்ணெய் ஊற்றக் கூடாது என்பதால், மாலை இருட்டியதும் முற்றத்தில் வேறொரு சிம்னி விளக்கை ஏற்றி அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தேன். கைகாட்டி மரத்தில் சிறு வயதில் பார்த்த அதே பச்சை!

பச்சை மட்டும் போதாது. எண்ணெய் விளக்குக் காலத்துக் கப்பல்களிலும் இதே உத்திதான். ஆனால் கப்பலின் பக்க விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரே நிறத்தில் நிலையாக இருப்பவை. இதிலோ மேல்மூடியைத் திருகினால் உள்ளே சிவப்பு, பச்சை, வெள்ளை மாறி மாறி வருகின்றன. சைகை காட்டும் கைவிளக்குக்குத்தான் அந்தத் தேவை. அடித்தகட்டில் எஸ்.ஐ.ஆர். என்ற முத்திரையும் கிடைத்தது. சவுத் இந்தியன் ரயில்வே 1874-இல் உருவாகி, 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வேயில் கலந்தது. ஆகவே விளக்கு செய்த காலம் அந்த இடைவெளிக்குள் வருகிறது. பயன்பட்ட காலம் வேறு. நல்ல விளக்கைப் பெயர் மாறியதற்காக யாரும் தூக்கிப் போடமாட்டார்கள். அட்டையில் இரண்டையும் பிரித்து எழுதச் சொன்னேன்.

ஐந்தாவது ஞாயிறு அதிக வேலையில்லை. பாக்கு நசுக்கும் கருவி என்று கருதப்பட்ட வார்ப்பிரும்புச் சாமானின் வாயில், 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஓர் அட்டைத் துண்டை வெட்டி நுழைத்தேன். கச்சிதமாகப் போனது. பழைய அட்டை டிக்கெட்டின் அளவு அதுதான்; டிக்கெட்டில் தேதி பதிக்கும் கருவி இது. அட்டை டிக்கெட், 1830-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் தாமஸ் எட்மண்ட்சன் தொடங்கி வைத்த முறை. மெல்ல அழுத்தினேன். டிக்கெட் சன்னலில் நின்ற எவருக்கும் மறக்காத அந்த 'டக்' ஓசை வந்தது. மை இல்லை, அட்டையில் எண்கள் பள்ளமாக மட்டும் விழுந்தன. நாளும் மாதமும் தெளிவு, ஆண்டுச் சக்கரம் துருவில் பாதி மறைந்திருக்கிறது. அந்தச் சக்கரங்களை இனி யாரும் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கடைசியாக அந்தக் கருவியில் தேதி வைத்த எழுத்தர் விட்டுப்போன நாள் அது.

ஆறாவது ஞாயிறு மற்ற ரயில்வே சாமான்களைப் பார்த்தேன். மீட்டர் கேஜ் அளவுகோல், தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட் தகடுகளுக்கான ஸ்பேனர், இரண்டு பூட்டுகள். பெரிய புதிர் எதுவும் இல்லை.

சென்ற ஞாயிறு குறிப்புகளை முடித்துவிட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து உட்கார்ந்து மேலே பார்த்தேன். கூரையைத் தாங்குவது மரமல்ல. சுண்ணாம்பு பூசிய இரும்பு உத்திரம், அதுவும் தண்டவாள வடிவத்தில்! தேய்ந்த தண்டவாளங்களை வீட்டு உத்திரமாகவும் வேலிக்காலாகவும் வாங்கிப் போடுவது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான். ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் இரண்டு முழம் துடைத்தோம். தண்டவாளத்தின் இடுப்பில் புடைப்பெழுத்துகள் எழுந்தன: பாரோ ஸ்டீல். இங்கிலாந்தின் பாரோ-இன்-ஃபர்னஸ் ஆலையில் உருட்டியது. அடுத்து, ஆண்டின் தொடக்கமாக 18 என்ற எண். அதற்கு அப்பால் சுண்ணாம்பு கட்டியாக இறுகியிருந்தது. உருட்டிய மாதத்தைக் குறிக்கும் கோடுகளும் அங்கேதான் இருக்க வேண்டும்.

பெஞ்சின் மேல் இருந்த ஒன்பதையும்விட மூத்தது இதுவாக இருக்கலாம். உலோகத்தால் சுரண்ட மனமில்லை. மூங்கில் குச்சிகளைச் சீவி வைத்திருக்கிறேன். பொறுப்பாளர் உயரமான ஏணிக்குச் சொல்லியிருக்கிறார். தாழ்வாரத்தில் மொத்தம் ஆறு உத்திரங்கள்.