மூணு சிந்த் போதும்

போன தீபாவளி ஆஃபர்ல காசு கொடுத்து ஒரு சிந்த் (கம்ப்யூட்டர்ல இசைச் சத்தம் உருவாக்குற சாஃப்ட்வேர்) வாங்கினேன். நாலு நோட் சேர்த்து அழுத்தினா லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். என்னோட 8 ஜிபி ராம் அதுக்குப் பத்தல. தூக்கிட்டேன். இப்ப வெச்சிருக்கிறது எல்லாமே இலவசம்.

அதிகம் திறக்கறது வைட்டல். 2020-ல வந்தது, வேவ்டேபிள் வகை, அதாவது வரிசையா வெச்ச அலை வடிவங்களை ஒண்ணுலேர்ந்து ஒண்ணா மாத்திச் சத்தம் செய்யறது. அலை உருமாறுறது திரையிலேயே ஓடும். நேத்து ராத்திரி நாதஸ்வரம் மாதிரி ஒரு இழைவு வேணும்னு உட்கார்ந்தேன். பிட்ச் பெண்ட் (நோட்டை மேலே கீழே வளைக்கிற வசதி) வழக்கமா ரெண்டு அரைசுரம்தான் நகரும். அதை 12 ஆக்கி, வாய்ஸை (ஒரே நேரத்துல ஒலிக்கிற நோட் எண்ணிக்கை) 1-க்குக் குறைச்சு, நோட்டுகள் விட்டுப்போகாம தொடர லெகாட்டோ போட்டு, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு வழுக்குற கிளைடைக் கொஞ்சம் ஏத்தினேன். ஸ-வுல கிளம்பி ப வரைக்கும் வழுக்கிட்டுப் போச்சு. பக்கத்து ரூம்ல அம்மா, "யாருடா கல்யாணம்?"னாங்க.

80-கள் எலெக்ட்ரிக் பியானோவுக்கு டெக்ஸெட். 1983-ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டோட சாஃப்ட்வேர் நகல். 6 ஆபரேட்டர் (அலை உருவாக்குற பகுதி), அதுகளை இணைக்க 32 அல்காரிதம் (இணைப்பு முறை). அதுல புதுசா சத்தம் செய்ய உட்கார்ந்தா விடிஞ்சிடும், ரெடிமேட் சத்தங்கள் இருக்கிற பழைய கார்ட்ரிட்ஜ் ஃபைலை ஏத்திக்கிறதே மேல்.

பேஸ் (கீழ் ஸ்தாயி) சத்தத்துக்கு சர்ஜ் எக்ஸ்டி. பட்டன் கூட்டத்தைப் பார்த்து முதல் நாள் மூடிட்டேன். பிரீசெட் (முன்னாடியே செஞ்சு வெச்ச சத்தம்) மட்டும் புரட்டுங்க, பழகிடும்.