ராட்டினத்தில் காலியாகச் சுற்றிய மூன்று பெட்டிகள்

நேற்று இரவு பதினொன்றரைக்குத்தான் சேலத்திலிருந்து திண்டுக்கல் வந்து சேர்ந்தோம். பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எந்தப் பேருந்து, என்ன சாப்பிட்டோம், மொத்தம் எவ்வளவு ஆனது என்று வரிசையாக எழுதுவதாகத்தான் நினைத்திருந்தேன். அதெல்லாம் பின்னால் வரும். முதல் நாள் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்ததை முதலில் எழுதிவிட்டால்தான் எனக்கு மனசு ஆறும்.

போனது ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், மாமியார். அத்தைக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாபேட்டையில், தறிக்காரக் குடும்பம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ராட்டினம் போடுவார்கள், அப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு ஓடுவோம் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அஸ்தம்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் போனில், "இங்கே ஒரு பூங்கா இருக்கு அண்ணி, பெரிய ராட்டினம்கூட இருக்கு" என்றதும் அத்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை ஏற விடுவாங்களா?"

அந்தக் கேள்விக்காகவே கிளம்பினோம் என்று சொல்லலாம். பூங்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சேலத்திலிருந்து அரை மணி நேரப் பயணம், அவ்வளவு போதும்.

டிக்கெட் கவுன்டரில் மூன்று விலை. சாதாரண டிக்கெட் 850 ரூபாய். வெள்ளிப் பட்டை 1,250. அதில் மூன்று ஆட்டங்களுக்கு மட்டும் தனி வரிசை, இலவச லாக்கர். தங்கப் பட்டை 1,900. எல்லா ஆட்டங்களுக்கும் தனி வரிசை, ஏசி ஹாலில் மதியச் சாப்பாடு, நிழலில் சாய்வு நாற்காலி. கையில் கட்டும் பட்டையின் நிறத்தைப் பார்த்தே நாம் யார் என்று ஊழியர்களுக்குத் தெரிந்துவிடும். நாத்தனாரின் கணவர் தங்கப் பட்டை வாங்கினார். "உங்களுக்கும் சேர்த்தே வாங்கிடறேன் மாப்ள" என்று மனசார என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு 1,050 ரூபாய் வித்தியாசம், ஐந்து பேருக்கு 5,250. மகளின் ஒரு மாத டியூஷனும் பள்ளி வேன் கட்டணமும் அதில் அடங்கிவிடும். அவர் எனக்கு அண்ணா முறை, அண்ணா தலையில் அதை ஏற்றுவதும் சரியில்லை. சாதாரண டிக்கெட்டே வாங்கினோம். அந்த முடிவில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை.

உள்ளே போன பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள். நாத்தனார் பிள்ளைகள் இந்தப் பக்கம், என் பிள்ளைகள் அந்தப் பக்கம். ஆறு மாதமாக ஒருவரையொருவர் பார்க்காத பிள்ளைகள், ஒன்றாக விளையாடத்தான் அவ்வளவு தூரம் கூட்டிப்போனோம். அவர்கள் தண்ணீர்ச் சறுக்கில் நான்காவது முறை இறங்கும்போது என் மகன் முதல் முறைக்கே படியில் நின்றுகொண்டிருந்தான். நாத்தனார் மகன் நல்ல பிள்ளை. பட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வரிசையில் வந்து நின்றான். கழற்றியதால் பட்டை கிழிந்தது. கிழிந்த பட்டை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ராட்டினத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு பெட்டிகள், பெட்டிக்கு நான்கு பேர். ஆட்களை ஏற்றி, சுற்றி, இறக்கி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. எங்களுக்கு முன்னால் 80 பேர் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், வேறு வேலை இல்லையே. ஒரு சுற்றில் 48 பேர் ஏறலாம். அப்படியானால் ஒரு சுற்று காத்திருந்துவிட்டு இரண்டாவது சுற்றில் நாங்கள் ஏறியிருக்க வேண்டும், பன்னிரண்டு நிமிடம். ஆனால் பன்னிரண்டு பெட்டியில் ஏழு பட்டைக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டவை. மிச்சம் ஐந்து பெட்டி, இருபது பேர். எங்கள் முறை ஐந்தாவது சுற்றில்தான். 48 நிமிடம்.

அத்தையால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. அங்கே நின்றிருந்த பையனிடம் கேட்டேன். "தம்பி, பாட்டி அந்தத் திண்டுல உட்காரட்டும். நாங்க வரிசைல நிக்கிறோம், முறை வந்ததும் கூப்பிட்டுக்கிறோம்."

"அப்படி விட முடியாதுங்க அக்கா. வரிசைல நிக்கிறவங்கள மட்டும்தான் ஏத்துவோம். கோல்டு பேண்டு போட்டுக்கோங்க, உடனே ஏறிக்கலாம்."

அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. இருபது வயதுகூட இருக்காது, வெயிலில் நின்று சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறான். வயசானவர்கள் வந்தால் என்ன செய்வது என்று அவனுக்கு யாருமே சொல்லித்தரவில்லை.

இரண்டாவது சுற்று ஓடும்போது அண்ணாந்து பார்த்தேன். ஒதுக்கிவைத்த ஏழு பெட்டியில் மூன்று காலி. ஆளே இல்லாமல் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தன. இன்னொன்றில் ஒரு கணவனும் மனைவியும் மட்டும். கீழே வெயிலில் அறுபது பேர் நிற்கிறோம். அந்த மூன்று பெட்டிகளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அங்கே விற்பது வேகம் இல்லை. வேகமாக ஓடும் ராட்டினம் ஒன்றும் தங்கப் பட்டைக்குத் தனியாக இல்லையே, அதே ராட்டினம்தான். எங்கள் நிமிடங்களை எடுத்துத்தான் அங்கே விற்கிறார்கள். வாங்க ஆள் வராவிட்டாலும் எங்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

மூன்றாவது சுற்றின்போது அத்தை, "போதும் கண்ணு, கால் கடுக்குது, நீங்க ஏறுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணா ஓடிவந்து, "ஒரு கோல்டு வாங்கிடறேன் அத்தை" என்றார். அத்தை கேட்கவில்லை. நாங்களும் ஏறவில்லை.

இந்த ஆத்திரத்தில் ராத்திரி தூக்கம் வராமல், உலகத்தில் மற்ற இடங்களில் எப்படி என்று போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது அதற்குக் காசே கிடையாது. டிக்கெட்டை இயந்திரத்தில் விட்டால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு சீட்டு வரும். அதுவரை எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அத்தைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சீட்டுதான்! 2021இல் அதை எடுத்துவிட்டு ஜீனி பிளஸ் என்று கட்டணச் சேவையாக்கினார்கள். புளோரிடாவில் ஆரம்ப விலை ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டாலர். 2024இல் லைட்னிங் லேன் பிரீமியர் பாஸ் வந்தது, அது அறிமுகத்தின்போதே 129 முதல் 449 டாலர் வரை. நுழைவுச் சீட்டு தனி. யுனிவர்சல் ஆர்லாண்டோ பூங்காவில் அவர்களுடைய விலை கூடிய சில ஹோட்டல்களில் தங்கினாலே எக்ஸ்பிரஸ் வரிசை சேர்த்தே கிடைத்துவிடும். நம் ஊரிலும் வொண்டர்லா பூங்காவில் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் இருக்கிறது. திருப்பதியில் 300 ரூபாய் தரிசனத்துக்கு நானே போயிருக்கிறேன், அதனால் தனி வரிசையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் அந்த டிஸ்னியிலேயே, வரிசையில் நீண்ட நேரம் காத்திருக்க முடியாத வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. 449 டாலருக்குப் பாஸ் விற்கிறவர்களே அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். முட்டி தேய்ந்த பாட்டி, ஏழு மாதக் கர்ப்பிணி, நடக்க முடியாத பிள்ளை, இவர்களுக்கு முதலில் வழிவிட்டுவிட்டு அப்புறம் தங்கம் வெள்ளி எதை வேண்டுமானாலும் விற்கட்டும். ஒதுக்கிய பெட்டி காலியாக இருந்தால் அடுத்தவரை ஏற்றட்டும். கவுன்டரிலேயே, இன்றைக்கு இத்தனை பட்டை விற்றிருக்கிறோம், சாதாரண வரிசையில் இவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதிவைக்கட்டும். 850 ரூபாயும் காசுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். டிக்கெட் எடுக்கும் முன் எத்தனை பேர் பட்டை வாங்கியிருக்கிறார்கள், பெரியவர்களுக்கு உட்கார வழி உண்டா என்று கேளுங்கள். பட்டைக்குத் தரும் ஏசி ஹால் சாப்பாட்டை நாத்தனார் ருசி பார்த்துவிட்டு, ஆறிப்போன ஃபிரைடு ரைஸ் என்றார்.

சாப்பாடு என்றால் அன்று சாயங்காலம் சாப்பிட்டதுதான். சேலத்துக்குப் போய்த் தட்டுவடை செட் சாப்பிடாமல் வருகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. அஸ்தம்பட்டியில் ஒரு தள்ளுவண்டி. சின்னத் தட்டுவடை ஒன்று, அதன்மேல் காரச் சட்னி, பச்சைச் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. அப்படியே முழுசாக வாயில் போட வேண்டும். முதலில் நொறுங்கும், அப்புறம் காரம் ஏறும், கடைசியில் பீட்ரூட்டின் இனிப்பு வரும். ஒரு தட்டு 30 ரூபாய். நாங்கள் ஒன்பது பேர் சேர்ந்து பதினான்கு தட்டு சாப்பிட்டோம், அப்புறம் தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கல் இரண்டு தட்டு. வண்டியைச் சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். டோக்கன் கிடையாது. யாருக்குப் பின் யார் என்பதை அந்த அம்மா மனசிலேயே வைத்திருந்தார். காரில் வந்து இறங்கிய ஒருவர் அவசரப்படுத்தியதற்கு, "இவங்களுக்கு அப்புறம் நீங்கதான் சார்" என்று கை நிறுத்தாமல் சொன்னார். அத்தைக்கு மட்டும் கேட்காமலே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

மறுநாள் ஏற்காடு. சேலம் டவுன் பஸ்ஸில் எனக்கும் அத்தைக்கும் மகளுக்கும் காசில்லாப் பயணம். பூங்காவில் விட்டதில் கொஞ்சமாவது மிச்சம். மலைப் பேருந்தில் நானும் வீட்டுக்காரரும் நின்றுகொண்டேதான் போனோம். கொண்டை ஊசி வளைவு இருபது. பத்தாவது வளைவில் மகன் வாந்தி எடுத்தான், எலுமிச்சம்பழம் எடுத்துப்போகாதது என் தவறு. மேலே போனதும் சில்வர் ஓக் மரமும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், கீழே காப்பிச் செடியும், அந்தக் குளிரும்! ஒரு நிமிடத்தில் எல்லாம் மறந்துபோனது.

ஏற்காட்டில் சுற்றிக்காட்டும் வண்டிக்காரர் மறுபடி ஞாபகப்படுத்தினார். பார்க்கும் இடத்தைப் பாயின்ட் என்கிறார்கள், ஐந்து பாயின்ட் ஒரு விலை, ஒன்பது பாயின்ட் ஒரு விலையாம். முதலில் 1,800 கேட்டார். பகோடா பாயின்டும் சேர்வராயன் கோயிலும் போதும் என்று பேசிப் பேசி 900க்குக் கொண்டுவந்தோம். அதுவே அதிகம், 700க்கு மேல் கொடுக்காதீர்கள்.

சேர்வராயன் கோயில் 1,623 மீட்டர் உயரத்தில், மலை உச்சியில் இருக்கிறது. கோயில் என்றால் கோபுரம் இல்லை, குகை. வாசல் குறுகல், யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கேயும் வரிசை இருந்தது. முன்னால் நின்ற குடும்பம் அத்தை காலைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "பாட்டிம்மா, நீங்க முன்னாடி வாங்க" என்று விலகினார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் விலகினார்கள். அத்தை இரண்டு நிமிடத்தில் உள்ளே போய் வந்துவிட்டார்.

மொத்தச் செலவு ஐந்து பேருக்கு 8,640 ரூபாய். நாத்தனார் வீட்டில் தங்கியதால் அறை வாடகை இல்லை. அதில் பாதி அந்தப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்துக்கே போய்விட்டது.

ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனார் புதுப் பேருந்து நிலையம் வரை வந்து, ஆடிப் பண்டிகைக்கு அவசியம் வரவேண்டும் என்றார். அத்தை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கோட்டை மாரியம்மனுக்கு இப்பவும் ராட்டினம் போடறாங்களா?"

"விசாரிச்சுச் சொல்றேன்மா" என்று நாத்தனார் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.