ஒரு பிக்ஸல்

நான் பார்ப்பது கோடு திருத்தும் வேலை. இதய சி.டி. படத்தில் ரத்தக்குழாயின் உள்சுவர் எங்கே இருக்கிறது என்று மென்பொருளே முதலில் ஒரு கோடு போட்டுவிடும். அது தடுமாறுகிற இடங்களை நான் சரிசெய்வேன். அந்தக் கோட்டுக்குள்தான் கணினி ரத்தத்தை ஓடவிட்டுக் கணக்குப் போடும்.

‘60 சதவீத அடைப்பு’ என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பகீர் என்றாகிவிடுகிறது. ஆனால் அந்த அடைப்பு ரத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்குக் கையிலோ தொடையிலோ குழாய் நுழைத்து, அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் கொண்டுபோவார்கள். மருந்து கொடுத்து இதயத்தின் நுண்குழாய்களை விரியவைத்து, அங்கே உள்ள அழுத்தத்தை மகாதமனியின் அழுத்தத்தால் வகுத்தால் வருவது எஃப்.எஃப்.ஆர். அது 0.80க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் மருந்தே போதும். 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 பேர் இருந்தார்கள். படத்தை மட்டும் பார்த்து சிகிச்சை முடிவான நோயாளிகளைவிட, கம்பி வைத்து அளந்து முடிவானவர்களுக்கு ஸ்டென்ட்டும் குறைவு, ஓராண்டுக்குள் வந்த சிக்கல்களும் குறைவு.

கம்பி இல்லாமல், ஸ்கேனை வைத்தே அந்த எண்ணைக் கணக்கிடும் முறைக்கு அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. இதயத் தசையின் எடையைப் பார்த்து எவ்வளவு ரத்தம் தேவை என்று கணிப்பார்கள். நுண்குழாய்கள் நன்றாக விரிந்த நிலையையும் கணக்கிலேயே வைத்துக்கொள்வார்கள்.

சரி, இதில் என் கோட்டுக்கு என்ன அவ்வளவு முக்கியம்? குழாய் குறுகக் குறுக, தடை விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும். படத்தில் ஒரு பிக்ஸல் சுமார் 0.4 மில்லிமீட்டர். 1.5 மி.மீ. வழியை நான் 1.1 என்று வரைந்துவிட்டால், அந்த இடத்தில் தடை மூன்று மடங்குக்கும் மேல்.

சேர்ந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். கால்சியம் படிவு சி.டி.யில் பளீரென்று வெள்ளையாக, உள்ளதைவிடப் பெரிதாகப் பூத்துத் தெரியும். அந்த வெள்ளையின் ஓரத்தையே சுவர் என்று எடுத்துக்கொண்டேன். எண் 0.76 வந்தது. சரிபார்த்த அக்கா படத்தைத் திருப்பி அனுப்பினார். “வெள்ளையை நம்பாதே. அதுக்கு மேலயும் கீழயும் குழாய் எப்படிப் போகுதுன்னு பாரு” என்றார். வெளிச்ச அளவை மாற்றிப் பார்த்தபோது, வெள்ளைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கீற்றாக வழி தெரிந்தது. திருத்தியதும் 0.83. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தேவையில்லாமல் ஒருவரை மேஜையில் படுக்கவைத்திருப்பேனே!

மருத்துவர்கள் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை என்பது தெரியும். ஆனாலும் அவர்கள் கைக்குப் போவது என் கோடுதான். இதயம் வேகமாகத் துடித்ததால் கலங்கிப்போன படம் வந்தால், இப்போதெல்லாம் ஊகித்து வரைவதில்லை. நேற்றும் ஒன்று வந்தது. இடது முன் தமனி நடுவில் இரண்டாகப் பிளந்ததுபோல் தெரிந்தது. கணக்கிட முடியாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.