புரை ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த உறுத்தல்

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊசியில் நூல் கோர்க்கக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டிய நிலை வந்ததும் வலது கண்ணில் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. மரத்துப்போக சொட்டு விட்டார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்தது, தையல்கூடக் கிடையாது. கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவர் காலண்டரில் ராகுகாலம் எழுதியிருக்கும் பொடி எழுத்து வரை தெரிந்தது. பிரச்சினை அதற்கப்புறம்தான்.

கண்ணில் மண் விழுந்த மாதிரி ஓயாத உறுத்தல். சாயங்காலம் ஆனால் பார்வை மங்கும், இரண்டு தடவை சிமிட்டினால் தெளியும், மறுபடி மங்கும். போதாக்குறைக்குத் தண்ணீராக வேறு கொட்டும். ஆபரேஷனில் உள்ளே வைத்த லென்ஸ் நகர்ந்திருக்கும் என்றார் ஒருவர். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, நந்தியாவட்டைப் பூவை ஒற்றிக்கோ என்றார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் புதிதாகக் கீறிய கண்ணில் பூவும் வேண்டாம், பன்னீரும் வேண்டாம். கிருமி உள்ளே போனால் பார்வைக்கே ஆபத்து.

டாக்டரம்மா ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் காகிதத்தைக் கீழ் இமைக்குள் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார். டிவியில் தெரிந்ததை மருமகள் பார்த்திருக்கிறாள்: கருவிழி மேல் பொடிப் பொடியாகப் பச்சைப் புள்ளிகள். மேல்தோல் காய்ந்து பழுதான இடத்தில் அந்தச் சாயம் பிடித்துக்கொள்ளுமாம். "லென்ஸ் வெச்ச இடத்துலயே இருக்கும்மா, மேல்பக்கம்தான் காஞ்சு கிடக்கு" என்றார்.

லென்ஸை உள்ளே வைக்க கருவிழி ஓரத்தில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கீறுகிறார்கள், ஆனால் அதில் நுண்ணிய நரம்புகளும் சேர்ந்தே அறுபடுகின்றன. கண் காய்கிறது என்று உணர்த்தி, சிமிட்டவும் கண்ணீர் சுரக்கவும் வைப்பது அந்த நரம்புகள்தான். அவை திரும்ப வளர சில மாதம் பிடிக்கும். இதற்கு மேல், ஆபரேஷனுக்கு அப்புறம் விடும் ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு சொட்டு மருந்து பாட்டில்கள் பலவற்றில் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடும் கருவிழியை உறுத்தும். அப்புறம் தொழில்: குனிந்து தைக்கும்போது நாம் சிமிட்டுவதே பாதியாகக் குறைந்துவிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் தூசியைத் தனியாகச் சொல்ல வேண்டுமா!

எனக்கு எழுதிக் கொடுத்தது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு, அதாவது செயற்கைக் கண்ணீர், அதுவும் அந்த ரசாயனம் கலக்காதது, ஒரு தடவைக்கு ஒன்றாக உடைத்து விடும் குட்டிக் குப்பிகள். விலை கூடத்தான், மெடிக்கலில் சாதா பாட்டிலை நீட்டுவார்கள். ஒரு நாளில் நாலு முறைக்கு மேல் விடுகிறவர்கள் குப்பியையே கேட்டு வாங்குவது நல்லது.

விடுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. கையைக் கழுவி, கூரையைப் பார்த்து, கீழ் இமையை லேசாக இழுத்தால் பை மாதிரி ஒரு இடம் வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. குப்பி முனை எதிலும் படக் கூடாது. ஒரு சொட்டுக்கும் அடுத்த மருந்துக்கும் 5 நிமிஷமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது முன்னால் விட்டதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மருந்துகளை முதலில் விட்டு, கண்ணீர்ச் சொட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். மற்ற மருந்துகளை டாக்டர் நிறுத்திய பிறகும் இதை விடவில்லை, உறுத்தல் மெதுவாகத்தான் அடங்கியது.

ஒன்று மட்டும் கவனம்: வலி, சிவப்பு, சிமிட்டியும் தெளியாத மங்கல் என்றால் அது வறட்சிக் கணக்கில் சேராது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது இடது கண்ணின் முறை. கருவிழி காய்ந்திருந்தால் லென்ஸ் பவர் கணக்கெடுக்கும் அளவே தப்பாக வரலாம் என்பதால், கண்ணீரைச் சோதித்துச் சொட்டை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார் டாக்டரம்மா. கண் ஈரமான பிறகுதான் அளவெடுக்க வரச் சொல்லியிருக்கிறார்.