வலையை இறக்கிய மாலை

உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பது என் பணி. அதோடு மாணவியர் கைப்பந்து அணியையும் பேச்சு மன்றத்தையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. விளையாட்டுப் பயிற்சிக்கென்று நான் தனியாகப் படித்தவள் அல்லள். பள்ளி நாட்களில் ஆடிய அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. எல்லா அணிகளையும் ஒரே உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த நிலையில், மாணவியரோடு மாலையில் மைதானத்தில் நிற்க ஓர் ஆசிரியை வேண்டும் என்று கேட்டார்கள், நான் சம்மதித்தேன்.

முதல் சில வாரங்களில் எங்கள் பிள்ளைகள் அடித்த பந்தெல்லாம் வலையிலேயே போய் விழுந்தது. தோளில் வலு போதவில்லை என்று நான் நினைத்தேன். அவர்களும் அப்படியே நம்பினார்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தனிப் பயிற்சிகள் கொடுத்துப் பார்த்தோம், பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஒரு மாலை, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடிவந்து எம்பிக் குதித்தாள். விரல் நுனிகள் வலையின் மேல் நாடாவைத் தொட்டு மீண்டதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கீழே இறங்கியவள் தன் உள்ளங்கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்குக் குதிக்கவே வரலை டீச்சர்" என்றாள். இரண்டு ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை அவள்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து இரும்பு அளவுநாடாவை எடுத்துச் சென்று, வலையின் நடுவிலிருந்து தரைவரை அளந்தேன். 2.43 மீட்டர் இருந்தது. அது ஆண்களுக்கான உயரம். பெண்களுக்கு விதி வகுத்திருப்பது 2.24 மீட்டர். எங்களுக்கு முன்னால் மாணவர் அணி ஆடும், அவர்கள் முடித்ததும் நாங்கள் இறங்குவோம். இடையில் வலையை இறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கம்பத்தின் கைப்பிடி துருவேறி அசைய மறுத்ததிலிருந்தே, அதை எத்தனை காலமாக யாரும் தொடவில்லை என்பது விளங்கியது. நானும் இரண்டு மாணவியரும் சேர்ந்து எண்ணெய் விட்டு, மெல்ல மெல்லச் சுழற்றி, வலையை 19 சென்டிமீட்டர் கீழே இறக்கினோம். அன்று அதே மாணவி அடித்த இரண்டாவது பந்து வலையைத் தாண்டி, எதிர்ப்புறம் வலையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போட்டிருக்கும் கோட்டுக்கு முன்னாலேயே மண்ணில் இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மைதானத்தின் மறுகோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தன் உடம்பின்மேல் அவள் சுமந்திருந்த குறை, துருப்பிடித்த ஒரு கைப்பிடியில் இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது, முதல் நாளே அளந்து பார்க்காதது என் தவறும்தான் என்பதால்.

அதற்குப் பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். கூடைப்பந்தில் பெண்களுக்கு ஆறாம் எண் பந்து. அதன் சுற்றளவு சுமார் 72 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் ஏழாம் எண் பந்து 75 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், எடையும் கூடுதல். எங்கள் அறையில் இருந்தவை அனைத்தும் ஏழாம் எண் பந்துகளே. தடையோட்டத்தில் ஆண்களுக்கான 110 மீட்டர் ஓட்டத்தின் தடை 106.7 சென்டிமீட்டர், பெண்களுக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் 83.8 சென்டிமீட்டர்; பள்ளிப் பருவத்தினருக்கு இன்னும் குறைவான உயரங்கள் உண்டு. குண்டு எறிதலில் வயது வந்த பெண்களுக்கு 4 கிலோ, 18 வயதுக்குட்பட்ட மாணவியருக்கு 3 கிலோ. இவற்றைச் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தந்த உடம்பின் அளவுக்குள் திறமை வெளிப்பட வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அளவுகள் இவை. கைக்கு அடங்காத பந்தோடு பழகும் பிள்ளை, கூடையை நோக்கி எறியும் நுட்பத்தைக் கற்பதற்குப் பதிலாக, பந்தை எப்படியாவது தள்ளிவிடும் பழக்கத்தையே கற்றுக்கொள்கிறாள். பிறகு அதைத் திருத்துவது இரட்டை வேலை.

கருவிகளைவிடக் கடினமாக இருந்தது நேரம். மைதானத்தை யார் எப்போது பயன்படுத்துகிறார்கள் என்று நான்கு வாரங்கள் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 20 மாலைகளில் எட்டு மாலைகள், மாணவர் அணியின் பயிற்சி ஆட்டம் நீண்டுபோனதாலோ வேறு நிகழ்ச்சிக்கு மைதானம் தேவைப்பட்டதாலோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. நேரம் குறுகும்போது முதலில் வெட்டுப்படுவது மாணவியரின் பயிற்சியாக இருந்தது என்பதே விஷயம், அதை எழுத்தில் குறித்துக் காட்டும்வரை ஒருவருடைய கண்ணிலும் அது படவில்லை.

பெண்களுக்கு ஆர்வம் குறைவு என்ற பேச்சை ஆசிரியர் அறையில் இப்போதும் கேட்கிறேன். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. ஜெர்மனியின் லீனா ராட்கே உலகச் சாதனை நேரத்தில் வென்றார். ஓடி முடித்தவர்கள் களைத்துத் தரையில் விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதியதையொட்டி அந்தப் போட்டியையே நீக்கினார்கள். அது மீண்டும் வந்தது 1960இல். ஓடி முடித்த ஆண்கள் மூச்சிரைக்கத் தரையில் சாய்வது எந்தப் போட்டியிலும் காணக்கூடிய காட்சி. அதற்காக ஆண்களின் 800 மீட்டர் ஓட்டம் நீக்கப்பட்டதில்லை. இன்னொரு கணக்கும் இதில் பொருந்தும். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால்வேறுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1972இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய மாணவியர் மூன்று லட்சத்துக்கும் குறைவு. 2018-19இல் அந்த எண்ணிக்கை 34 லட்சம். அந்த 47 ஆண்டுகளில் பெண்களின் தசையும் எலும்பும் மாறிவிடவில்லை. மைதானமும் பயிற்சியாளரும் பயிற்சி நேரமும் கிடைத்தன, ஆர்வம் தானாக வந்து சேர்ந்தது.

ஆனாலும் 13, 14 வயதில் மாணவியர் ஒவ்வொருவராக விலகத் தொடங்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் உலகளாவிய தரவுகளின்படி, பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் அந்த அளவை எட்டாதவர்கள் மாணவரில் 78 விழுக்காடு, மாணவியரில் 85 விழுக்காடு. இரு பாலருக்கும் நிலைமை மோசம்தான், பெண்களுக்குக் கூடுதலாக மோசம். எலும்பின் உறுதியில் பெரும்பகுதி சேர்கிற வயது இது என்பதால், இந்த ஆண்டுகளில் ஓடாமல் குதிக்காமல் விட்டதைப் பிற்காலத்தில் ஈடுகட்டுவது எளிதல்ல.

விலகுகிறவர்களைத் தனியே அழைத்துக் கேட்டால், ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. உடை மாற்றப் பூட்டுள்ள அறை இல்லை என்பார்கள். வெள்ளைக் காற்சட்டை அணிந்து மாதவிடாய் நாட்களில் ஓட முடியவில்லை என்பார்கள், அதையும் மூன்றாவது முறை கேட்கும்போது, குரலைத் தாழ்த்திக்கொண்டு. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலேயே வெள்ளை உடைக்குள் அடர்நிறக் காற்சட்டை அணிய 2023இல்தான் பெண்களுக்கு அனுமதி கிடைத்தது. உலகின் முதல்நிலை வீராங்கனைகளுக்கே அத்தனை காலம் பிடித்திருக்கும்போது, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தானாக முன்வந்து ஓர் ஆண் ஆசிரியரிடம் இதைச் சொல்லுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. விளையாட்டுக்கேற்ற உள்ளாடை என்ற ஒன்றே 1977இல்தான் உருவாக்கப்பட்டது, அதுவும் ஓடும்போது வலி பொறுக்காத பெண்கள் தாங்களே தைத்துப் பார்த்ததால். எங்கள் அணிக்கு இப்போது கருநீலக் காற்சட்டை. முழு நீளம் வேண்டுவோர் முழு நீளமாகவே அணியலாம். யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி நாப்கின் பெட்டி ஒன்று பந்து அறையின் உள் அலமாரியில் இருக்கிறது.

உடல்நலத்தில் இரண்டு விஷயங்களை நான் தாமதமாகவே கற்றேன். ஒன்று முழங்கால். ஒரே விளையாட்டை ஆடும் ஆணையும் பெண்ணையும் ஒப்பிட்டால், முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) கிழியும் வாய்ப்பு பெண்களுக்குச் சில மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்வது அதற்கான காரணங்களில் ஒன்று. கால்பந்து வீரர்களுக்காக ஃபிஃபா வகுத்த சுமார் 20 நிமிட முன்பயிற்சி, காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் உள்ள ஒற்றைக்காலில் நிற்பதையும் மெதுவாக இறங்குவதையும் நாங்கள் கைப்பந்துக்கும் எடுத்துக்கொண்டோம். மற்றொன்று உணவு. உழைப்புக்கு ஈடாக உண்ணாத மாணவிக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். கடும் பயிற்சியின் இயல்பான விளைவு என்று அதை ஒதுக்கிவிடும் பழக்கம் சில பயிற்சியாளர்களிடம் உண்டு. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் தனிப் பெயரிட்டு எச்சரித்த உடல்நலக் கேட்டின் அறிகுறி அது. உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

மன்றங்களிலும் இதே கதையை வேறு வடிவத்தில் கண்டேன். அறிவியல் மன்றத்தில் மாணவியர் குறிப்பெழுதுவார்கள், கம்பியைப் பற்றவைக்கும் கருவி மாணவர்கள் கையிலேயே இருக்கும். விழா என்றால் வரவேற்பும் அலங்காரமும் மாணவியருக்கு, மேடைத் தலைமை பெரும்பாலும் மாணவருக்கு. யாரும் கட்டளையிட்டு நடப்பதில்லை என்பதால் இதைத் தட்டிக்கேட்பதும் கடினம். இப்போது வாரந்தோறும் குலுக்கல் முறையில் வேலைகளை மாற்றிக்கொள்கிறார்கள், முதல் மாதத்தின் முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

பேச்சு மன்றமும் கைப்பந்தும் புதன்கிழமைதோறும் மோதின. அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் மாணவிக்கு இரண்டும் வேண்டும். ஒன்றை விடச் சொன்னபோது, எதை விடுவது என்று தெரியாமல் இரண்டு வாரம் இரண்டுக்கும் வராமல் இருந்தாள். மன்றத்தைப் பயிற்சி இல்லாத திங்களுக்கு மாற்றியதும் இரண்டுக்கும் வந்தாள். அப்படி மாற்றுவதற்குத் தேவைப்பட்டது அறை ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஒரு வரி.

வீட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெண்ணை ஆட அனுப்ப மறுக்கிறார்கள் என்று அவர்களைக் குறைசொல்வது வழக்கம். ஒரு மாணவியின் தந்தை என்னிடம் வந்து, "எத்தனை மணிக்கு முடியும்னு உறுதியாச் சொல்லுங்க டீச்சர், நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான். அன்றிலிருந்து ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சொன்ன நேரத்துக்கு விசில் ஊதிவிடுகிறேன், அடுத்த ஆண்டு அணிக்குப் பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை கூடியது.

கம்பத்தில் இப்போது 2.24 மீட்டர் உயரத்தில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. பந்து அறையின் சாவி மாணவியர் அணித்தலைவியிடம் இருக்கிறது. நாடகக் குழுவின் ஒத்திகைதான் இன்னும் வெள்ளிக்கிழமைப் பயிற்சியோடு மோதிக்கொண்டிருக்கிறது. அரங்கம் அன்று மட்டுமே காலியாக இருக்கிறதாம். அடுத்த பருவத்துக்கான அட்டவணைக் கூட்டத்துக்கு என் நோட்டை எடுத்துச் செல்கிறேன். இரண்டிலும் சேர விரும்பி மூன்று மாணவியர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.