முப்பத்தேழாம் பக்கம்

பழைய நூல்களை ஸ்கேன் செய்து சேமிக்கும் ஓர் இடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். பக்கம் புரட்டி ஸ்கேன் எடுப்பது ஓர் அக்கா. கோப்புகளுக்குப் பெயர் வைப்பது நான்.

ஒரு நூலில் 412 படங்கள். சரிபார்த்தபோது 36க்குப் பிறகு ஒரு பக்கம் விடுபட்டிருந்தது. அக்கா அதை மட்டும் தனியாக எடுத்துத் தந்தார். அதற்கு இடம் விட, 37 முதல் 412 வரை எல்லா எண்ணிலும் ஒன்று கூட்ட வேண்டும். பெர்ல் என்ற நிரல்மொழியில் பத்து வரி வேலை. டைரக்டரியைப் படித்து, வரிசைப்படுத்தி, எண்ணைப் பிரித்து, ஒன்று கூட்டி, ரீனேம். ஓட்டினேன். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை.

ஃபோல்டரில் 37 கோப்புகள்தான் இருந்தன.

37ஐ 38 ஆக்கியதும் பழைய 38 அழிந்துவிட்டது. அடுத்து 38ஐ 39 ஆக்கியபோது, அந்த 38இல் இருந்தது 37இன் படம். அந்த ஒரே படம் பெயர் பெயராகத் தாண்டி 413இல் போய் நின்றது. வழியில் இருந்த 375 பக்கங்களும் போயின. பெர்லின் ரீனேம், அதே பெயரில் கோப்பு இருந்தாலும் கேட்காமல் மேலெழுதிவிடும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கிடைக்கும் ரீனேம் கட்டளையும் பெர்லில் எழுதியதுதான், ஆனால் அது பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அந்தக் கோப்பைத் தொடாமல் விட்டுவிடும். இந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியாது. 412இல் தொடங்கிக் கீழே இறங்கி வந்திருந்தாலே போதும், ஒவ்வொரு முறையும் புதிய பெயர் காலியாக இருந்திருக்கும்.

நகல் எடுத்து வைக்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம், "சரிப்பா, புஸ்தகத்த எடுத்துட்டு வா" என்றார்.

இரண்டு நாள் பிடித்தது. தொட்டாலே உதிரும் தாள். முதல் தடவை முழுசாக இருந்த சில ஓரங்கள் இந்தத் தடவை மேஜைமேல் துகளாகக் கிடந்தன. அவற்றை அக்கா ஒரு கவரில் போட்டு, மேலே பக்க எண்களை எழுதி வைத்தார். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

அதன்பிறகு என் ஸ்கிரிப்ட் எதுவும் எடுத்தவுடன் பெயரை மாற்றியதில்லை. பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். புதிய பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பட்டியலை அக்காவுக்குப் படித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் ஓட்டினேன்.